ஐவி பேசாத இடம்

கிளெம் ராடா அழித்துக்கொண்டிருந்தார். ரப்பர் பழையது, பென்சில் கோட்டை எடுப்பதைவிடக் காகிதத்தில் கறுப்பைத் தடவுவதிலேயே அதற்கு ஆர்வம். நாடகப் பிரதியை முழங்காலின் மேல் விரித்து, கடைசிப் பக்கத்தின் அடியில் ஹாவர்ட் நான்கிவல் தம் தச்சுப் பென்சிலால் அழுத்தி எழுதியிருந்த வரியை அவர் தேய்க்கத் தேய்க்க, அது மங்கியதே தவிர மறையவில்லை.

"போச்சா?" என்றாள் மனைவி வெர்னா கட்டிலிலிருந்து.

"போகுது."

"போகுதா, போச்சா? ரெண்டும் ஒண்ணில்ல, கிழவா."

"எழுத்து போயிடும். தடம் நிக்கும்போல. மரத்துல கோடு போடற பென்சில வெச்சுக் காகிதத்த உழுதிருக்கான்."

"என்னதான் எழுதியிருக்கான்? படி. ஒரு தடவ சிரிச்சுக்கறேன்."

"'என்னை மன்னிச்சிடுங்க'ன்னு ஐவி சொல்றா. மண்டி போடறா. உடனே எல்லாரும் எழுந்து கீதம் பாடறாங்க. திரை."

வெர்னா சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் ஓய நெடுநேரம் ஆயிற்று. கிளெம் தண்ணீர்க் கோப்பையை நீட்டினார். அவள் தலையசைத்து மறுத்தாள்.

"தண்ணி அப்புறம். முதல்ல அழி."

வெளியே வடகாற்று வீசிக்கொண்டிருந்தது. அறுவடைக் காலம். வீல் மெர்சி ஊரின் தகரக் கூரைகள் மேலெல்லாம் பார்லித் தூசி பொன்போலப் படிந்து கிடந்தது. களஞ்சியத்தின் எடைமேடையில் லாரிகள் காத்திருக்கும். அந்த எடைமேடையில்தான் வெர்னா தன் வாழ்நாளில் பாதியைக் கழித்தாள். வந்த பாரத்தை நிறுத்தாள், சீட்டெழுதிக் கொடுத்தாள், லாரிக்கும் லாரிக்கும் நடுவே கிடைத்த வேளையில், செல்லாத சீட்டுகளின் பின்புறத்தில் வசனம் எழுதினாள். ஆண்டுக்கு ஒரு நாடகம். பார்லி விற்பவனும் தபால்காரனும் பள்ளி ஆசிரியையும் நடிக்க, ஊர் மன்றத்தின் ஒடுங்கிய மேடையில் அது அரங்கேறும். எவரும் அதற்காகக் காசு வாங்கியதில்லை. வாங்கியிருந்தால் அத்தனை சண்டை போட்டிருக்க மாட்டார்கள்.

ஒருமுறை வட்டார நாடக விழாவுக்கு அடிலெய்டிலிருந்து நடுவர் ஒருவர் வந்தார். வழக்கப்படி, நாடகம் முடிந்ததும் மேடையேறி, எல்லார் செவியிலும் விழத் தீர்ப்புரைத்தார்: இந்த அம்மையாரின் நாடகத்தில் காற்றும் புழுதியும் மிகுதி, கலை குறைவு. அவை நடுவிலிருந்து வெர்னா எழுந்தாள். நடுவருக்கு மறுமொழி சொல்வது அந்த விழாவில் அதுவரை எவரும் துணியாத செயல்.

"காலைல ரயில்ல வந்தீங்க, நாளைக்குக் காலைல போயிடுவீங்க," என்றாள். "நாலு நாள் இருந்து பாருங்க. இந்த ஊர்ல வாயத் தொறந்தா முதல்ல உள்ள போறது புழுதி. அதுக்கப்புறந்தான் வசனம் வெளிய வரும்."

மறு ஆண்டு எழுதிய நாடகத்தில் இன்னும் கொஞ்சம் காற்றைச் சேர்த்தாள்.

இப்போது எழுதியிருப்பது அவளுடைய தமக்கை ஐவியின் கதை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை. எவரும் வாய்விட்டுச் சொல்லாத கதை. பத்தொன்பது வயதில், மணமாகாத நிலையில், ஐவி கருவுற்றாள். மெதடிஸ்ட் சபையின் மூப்பர் மூவர் அவளைத் தேவாலயத்தின் பின்னறைக்கு அழைத்து விசாரித்தனர். மூவரில் தலைமை மூப்பராயிருந்தவர் ஹாவர்டின் தந்தை. பன்னிரண்டு வயது வெர்னா, அக்காவின் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளேயிருந்து கேள்வி கேட்டது. அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நெடுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. பின்பு கதவு திறந்தது. ஐவி வந்து தொப்பியை வாங்கி அணிந்துகொண்டாள். மறுநாள் ரயிலேறிப் போனவள் போர்ட் பிரியில் ஒரு சலவையகத்தில் வேலை செய்து, அங்கேயே வாழ்ந்து, அங்கேயே இறந்தாள். குழந்தையின் தகப்பன் பெயரைக் கடைசிவரை எவரிடமும் சொல்லவில்லை.

கதவுக்கு வெளியே நின்ற சிறுமிக்குக் கேட்ட அந்த ஒன்றுமின்மையைத்தான் வெர்னா இத்தனை ஆண்டுகள் சுமந்திருந்து, கடைசியில் மேடைக்கு எழுதினாள். தலைமை மூப்பர் வேடத்தை ஹாவர்டுக்கே கொடுத்தாள். அது தம் தந்தையின் வேடம் என்று ஹாவர்டுக்குத் தெரியும். பெரிய வேடம் என்றும் தெரியும். இரண்டாவது முதலாவதை வென்றது. ஆனால் ஒத்திகை நடக்க நடக்க அந்தக் கடைசி மௌனம் அவரை அரிக்கத் தொடங்கிற்று. வெர்னா படுக்கையில் விழுந்து, நாடகத்தை நடத்தும் பொறுப்பு தம் கைக்கு வந்ததும், தச்சுப் பென்சிலை எடுத்துவிட்டார்.

"கடைசிக் காட்சியப் படி," என்றாள் வெர்னா. "நீ ஹாவர்ட். நான் ஐவி."

"தூங்கணும்னு நர்ஸ் சொல்லிட்டுப் போயிருக்கா."

"நர்ஸுக்கு நான் என்ன வேஷம் குடுத்திருக்கேன்? நீ படி."

கிளெம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். வெர்னாவின் எல்லா நாடகத்துக்கும் அடியெடுத்துக் கொடுத்தவர் அவர். மேடையின் ஓரத்தில் மறைந்திருந்து, மறந்தவருக்கு மறந்த வரியை மெல்ல எடுத்துக் கொடுக்கும் பணி. தெய்வம் புலவனுக்கு முதலடி எடுத்துக் கொடுத்ததெல்லாம் பெரியோர் கதை. கிளெம் எடுத்துக் கொடுத்தது தபால்காரனுக்கும் இறைச்சிக் கடைக்காரனுக்கும். ஆயினும் பணி ஒன்றே. அதற்கு ஒரு நெறி உண்டு. நடிகரின் முகத்தைப் பார்க்கலாகாது. பார்த்தால் இரக்கம் வரும். இரக்கம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். செவியால்தான் பார்க்கவேண்டும். மறந்தவரின் மூச்சு மேலேறி நெஞ்சில் முட்டி நிற்கும். வேண்டுமென்றே நிறுத்தியவரின் மூச்சு அடிவயிற்றில் அமைதியாக அமர்ந்திருக்கும். முன்னவருக்குச் சொல்லைக் கொடுக்கவேண்டும். பின்னவருக்கு இடத்தைக் கொடுக்கவேண்டும்.

கண்ணைப் பக்கத்தில் பதித்துப் படித்தார்:

"'ஐவி, சபை கேக்குது. உன்னப் பெத்தவன் கேக்கறான். நாங்க மூணு பேரும் கேக்கறோம். யாரவன்? பேரச் சொல்லு.'"

அதன் கீழே வெர்னாவின் கையெழுத்தில் இருந்தது: 'ஐவி பேசவில்லை. அவையிலுள்ள முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். பார்த்து முடித்ததும் தொப்பியை எடுத்துக்கொண்டு போகிறாள். திரை.'

வெர்னா பேசவில்லை.

காற்று கூரைத் தகரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டது. அடுத்த வீட்டுக் காற்றாலை கிறீச்சிட்டு ஒருமுறை சுழன்றது. கிளெம் செவிகொடுத்தார். அவளுடைய மூச்சு கீழே, ஆழத்தில், அமைதியாக அமர்ந்திருந்தது. நன்றாகச் செய்கிறாள் என்று நினைத்தார். பிறகு அந்த மூச்சு அங்கும் கேட்கவில்லை. கிளெம் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஐவி பார்க்கவேண்டிய முகங்கள் எத்தனையோ அத்தனைக்கும் இடம் கொடுத்தார். முன்வரிசை, நடுவரிசை, பின்வரிசை, கதவருகே நிற்கிறவர்கள். ஒருவரையும் விடவில்லை.

பிறகு, "தொப்பி," என்று மெல்ல எடுத்துக் கொடுத்தார்.

கட்டிலில் அசைவில்லை. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். அவளுடைய கண்கள் திறந்திருந்தன. எதையோ நேர்கொண்டு பார்த்து, அதனிடம் தோற்காத கண்கள். கிளெம் எழுந்து அவற்றை மூடினார். போர்வையைத் தோள்வரை இழுத்துவிட்டார். நாற்காலியில் மீண்டும் உட்கார்ந்து, ரப்பரை எடுத்து, எஞ்சியிருந்ததையும் அழித்து முடித்தார். அதன் பின்பே தொலைபேசியை நோக்கி நடந்தார்.

பிற்பகலில் ஹாவர்ட் நான்கிவல் வந்தார். தலையில் தொப்பி இல்லை. கையில் அளவு நாடா இருந்தது. ஊரின் தச்சர் அவர்தாம். ஊருக்குச் சவப்பெட்டி செய்பவரும் அவர்தாம். வெர்னாவின் ஒவ்வொரு நாடகத்துக்கும் மேடைச் சுவரும் கதவும் சன்னலும் செய்து நிறுத்தியவரும் அவர்தாம். படுக்கையறையில் நாடாவின் இரும்பு நுனி அவள்மேல் படாதபடி, தம் விரலைக் கீழே கொடுத்து அளந்தார். கிளெம் அதைக் கவனித்தார்.

சமையலறையில் தேநீரை முன்னால் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள்.

"நல்ல ஜாரா மரப் பலகை ஒண்ணு இருக்கு," என்றார் ஹாவர்ட். "சபைக் கதவுக்குன்னு எடுத்து வெச்சது. அதப் போடறேன்."

"சபைக் கதவு அவளுக்கு வேணாம்னுவா. பலகை வேணும்னுவா."

ஹாவர்ட் சிரிக்க முயன்று விட்டுவிட்டார். "அவ எழுதின அத்தன நாடகத்துக்கும் நாந்தான் கதவு செஞ்சேன், கிளெம். ஒரு கதவாவது சரியா மூடுச்சுன்னு அவ சொன்னதில்ல."

"ஒண்ணும் மூடலியே."

"மூடல. ஒத்துக்கறேன்." கோப்பையைச் சுற்றிவிட்டார். "சனிக்கிழமை…"

"காலைல அடக்கம்."

"அது தெரியும். சாயங்காலத்து நாடகத்தச் சொல்றேன். ஊர்ல சாவு விழுந்தா மன்றத்துல விளக்கேத்தறதில்ல. உனக்கே தெரியும்."

"உங்கப்பா செத்தப்ப ஏத்தினோமே."

"அது டான்ஸு. பேண்டுக்காரங்கள முன்னாடியே வரச் சொல்லியாச்சு."

"டான்ஸுக்கு எரிஞ்ச விளக்கு நாடகத்துக்கு எரியாதா?"

ஹாவர்ட் பெருமூச்சு விட்டார். "சரி. நடத்துவோம். அவ நினைவா நடத்துவோம். ஆனா முடிவு மட்டும் நான் எழுதின மாதிரி. அந்தப் பொண்ணு ஒரு வார்த்த மன்னிப்புக் கேக்கட்டும். எல்லாரும் எழுந்து ஒரு கீதம். வெர்னாவுக்குப் பிடிச்ச கீதமாவே பாடுவோம். ஊரே அழும். இதவிட மரியாத என்ன இருக்கு?"

"உயிரோட இருந்தப்ப அவ வேணாம்னா."

"அதுக்காகச் செத்ததும் வேணாம்னு இருக்கணுமா?"

"இப்பத்தான் ரொம்ப வேணாம்."

தேநீர் ஆறியது. ஹாவர்ட் மீண்டும் பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது.

"எங்கம்மா முன்வரிசைல உக்காருவாங்க, கிளெம். தொண்ணூறு வயசு. அவங்க எதிர்ல எங்கப்பாவ நான் அப்படி நிக்க வெக்கணுமா? கேள்வியக் கேட்டுட்டு, பதில் வராம, மரம் மாதிரி?"

"அவர் அப்படித்தான நின்னாரு."

"நீ பாத்தியா?"

"வெர்னா கேட்டா. கதவுக்கு வெளிய நின்னு."

ஹாவர்ட் எழுந்தார். அளவு நாடாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கோபத்தைவிட வருத்தமே அந்த முகத்தில் மிகுந்திருந்தது. அதனால் அதை எதிர்ப்பது கடினமாயிருந்தது.

"நாடகப் புத்தகம் என் கைல இருக்கு, ஹாவர்ட்," என்றார் கிளெம்.

"மேடைல நான் இருக்கேன். பியானோல பெரில் இருக்கா. நான் கை காட்டினா அவ வாசிப்பா. வாசிச்சா ஊரு எழுந்துக்கும். அத உன்னாலயும் நிறுத்த முடியாது."

அது பொய்யன்று. வீல் மெர்சிக்காரர்களின் பாட்டன்மார் கார்ன்வாலிலிருந்து செம்பு தோண்ட வந்தவர்கள். சுரங்கம் மூடிப்போயிற்று, பாட்டு மூடவில்லை. கீதத்தின் முதல் சுரம் எழுந்தால் போதும், நின்ற இடத்தில் நான்கு குரலாகப் பிரிந்து பாடுவார்கள். சபைக்கு வராதவனும் பாடுவான்; குடித்துவிட்டு வேலியோரம் கிடப்பவனும் தாழ்குரலைச் சரியாகப் பிடிப்பான். அந்தப் பெருவெள்ளத்துக்கு முன் ஒரு பெண்ணின் மௌனம் எம்மாத்திரம்?

மறுநாள் லினெட் வந்தாள். தபால் அலுவலகத்தில் தந்தி அனுப்பும் பெண், ஐவியாக நடிப்பவள். கையில் பூங்கொத்து, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"மிஸ்டர் ராடா, எனக்குப் பயமா இருக்குங்க."

"எதுக்கு?"

"பேசாம நிக்கறதுக்கு. வசனம் பேசச் சொன்னா எவ்வளவு வேணா பேசிடுவேன். சும்மா நின்னா, இவளுக்கு மறந்துபோச்சுன்னு நினைப்பாங்க. பின்னாடி பெஞ்சுல பசங்க சிரிப்பாங்க. மிஸ்டர் நான்கிவல் வேற சொல்றாரு, ஒரே ஒரு வார்த்ததானம்மா, சொல்லிட்டுப் போயேன்னு."

"உனக்குச் சொல்லணும்னு தோணுதா?"

அவள் பூக்களைப் பார்த்தாள். "இல்லீங்க. அந்தப் பொண்ணு ஏன் மன்னிப்புக் கேக்கணும்?"

கிளெம் பூங்கொத்தை வாங்கி, கழுவுதொட்டியில் தண்ணீரில் வைத்தார்.

"இங்க பாரும்மா. உனக்கு மறந்துபோனா நான் குரல் குடுப்பேன். இத்தன வருஷத்துல நான் குரல் குடுக்காம ஒருத்தரையும் தவிக்க விட்டதில்ல. நான் பேசலேன்னா என்ன அர்த்தம்?"

"நான் மறக்கலேன்னு."

"அவ்வளவுதான். நாளைக்கு நான் பேசமாட்டேன்."

சனிக்கிழமைக் காலை அடக்க ஆராதனையில் தேவாலயத்தின் கூரை பறந்துவிடும்போலப் பாடினார்கள். பெண்களின் மேல்குரல் வானேற, ஆண்களின் தாழ்குரல் பழைய சுரங்கத்தின் அடியிலிருந்து எழுவது போலத் தரையை அதிரச் செய்தது. கிளெமும் பாடினார். அந்தப் பாட்டின் மேல் அவருக்கு வழக்கேதும் இல்லை. இறைவனைத் துதிப்பதற்கு மனிதனுக்குக் கிடைத்தவற்றுள் அதைவிட உயர்ந்தது இல்லை என்பதே அவர் எண்ணம். ஆதலால்தான் அதைக் கொண்டு ஒருத்தியின் வாயை அடைப்பதை அவரால் பொறுக்க இயலவில்லை. பாட்டு ஓய்ந்ததும் ஹாவர்ட் முன்வந்து ஜாரா மூடியை இறக்கினார். ஓசை சற்றும் எழவில்லை. அவர் செய்தவற்றுள் சரியாக மூடிய முதல் மூடி அது.

கல்லறையிலிருந்து திரும்பும் வழியில் பெரில் அவருடன் சேர்ந்துகொண்டாள். தேவாலயத்தில் ஆர்கனும் மன்றத்தில் பியானோவும் வாசிப்பவள். நாடக இரவுகளின் சிற்றுண்டிக்கும் பொறுப்பானவள். வெர்னாவின் பள்ளித் தோழி.

"விடியுமுன்னயே எழுந்து பாஸ்டிக்கு இறைச்சி பொதிஞ்சு வெச்சேன், சாயங்காலம் சுடணும்," என்றாள். "நடிக்கறவங்களுக்கெல்லாம் மாவுல பேரெழுத்துப் போட்டாச்சு. உனக்கும் போட்டிருக்கேன். சாப்பிடாம ஓடிடாத."

"ஹாவர்ட் உங்கிட்டச் சொன்னானா?"

"சொன்னான்."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன்." பெரில் நடையைத் தளர்த்தினாள். "என்ன அப்படிப் பாக்காத. வேணும்னு சொல்லல. முப்பது வருஷமா சபைல அவன் கை காட்டி நான் வாசிக்கறேன். என்னக் கேக்காமலே கை போயிடுது, கிளெம்."

அன்று மாலை மன்றம் நிரம்பி வழிந்தது. துக்கத்துக்கு வந்தவர்களும் நாடகத்துக்கு வந்தவர்களும் ஒருவரேயாகையால், காலையில் உடுத்த கறுப்பையே பலரும் உடுத்திருந்தார்கள். முன்வரிசை நடுவில் ஹாவர்டின் தாயார், கையுறை அணிந்த கைகளை மடியில் வைத்து, நிமிர்ந்து அமர்ந்திருந்தார். மேடையின் பக்கங்கள் ஒடுங்கியவையாதலால், கிளெமின் இருக்கை மேடைக்குக் கீழே, பியானோவுக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு துணித் தட்டிக்குப் பின்னால் இருந்தது. கை நீட்டினால் பெரிலைத் தொடலாம். தட்டிக்குள் ஒரு நீல விளக்கு, மடியில் பிரதி.

நாடகம் நடந்தது. காற்று கூரையைத் தட்டிற்று, நடிகர்கள் குரலுயர்த்தினார்கள். இரண்டாம் காட்சியில் இறைச்சிக் கடைக்காரருக்கு வரி தப்பிற்று. மூச்சு மேலேறி முட்டியது செவியில் பட்ட கணமே கிளெம் சொல்லைக் கொடுத்தார். அவரும் பிடித்துக்கொண்டு போனார். மேடையின் நடுவே நின்ற கதவு, ஹாவர்ட் புதிதாகச் செய்தது, இம்முறையும் சரியாக மூடவில்லை. யாரோ சிரித்தார்கள். வெர்னாவும் சிரித்திருப்பாள்.

பிறகு அந்த இடம் வந்தது.

"ஐவி, சபை கேக்குது," என்றார் ஹாவர்ட் மேடையில். அவருடைய குரலில் அவர் தந்தையின் குரல் இருந்தது. முதியவர்கள் சிலர் தம் இருக்கைகளில் அசைந்தனர். "உன்னப் பெத்தவன் கேக்கறான். நாங்க மூணு பேரும் கேக்கறோம். யாரவன்? பேரச் சொல்லு."

லினெட் பேசவில்லை.

கிளெம் கண்ணைப் பக்கத்தில் வைத்திருந்தார். தேய்த்துத் தேய்த்துக் காகிதம் மெலிந்து, நீல ஒளி அதனூடே ஊடுருவியது. அவளுடைய மூச்சு முதலில் மேலேறி முட்டியது. பயம். அவருடைய உதடு தன்னையறியாமல் பிரிந்தது. மூடிக்கொண்டார். மூச்சு ஒருமுறை தடுமாறி, மெல்ல இறங்கி, அடியில் போய் அமர்ந்தது. அந்த ஒலியை அவர் அறிவார். இரண்டு நாளுக்கு முன் கேட்ட ஒலி.

பின்பெஞ்சில் ஒருவன் சிரித்தான், அவனே நிறுத்திக்கொண்டான். நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. எவரோ தொண்டையைச் செருமினார். செருமியபின் தாம் செருமியதைப் பிறர் எப்படிக் கொள்வார்களோ என்று அஞ்சியவர் போல அமைதியானார். தட்டியின் இடுக்கு வழியே முன்வரிசை தெரிந்தது. லினெட்டின் பார்வை அங்கே வந்திருக்க வேண்டும். ஒருவர் பின் ஒருவராகத் தலைகள் தாழ்ந்துகொண்டு வந்தன. ஹாவர்டின் தாயார் தலையைத் தாழ்த்தவில்லை. அந்தப் பெண்ணை நேருக்கு நேர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

மேடையில் ஹாவர்டின் காலணி நகர்ந்தது. "பேரச் சொல்லு," என்றார் மீண்டும். பிரதியில் இல்லாத வரி. ஹாவர்ட் தட்டியின் பக்கம் திரும்பினார். வாழ்நாள் முழுதும் அந்த மூலையிலிருந்து அவருக்கு வேண்டிய சொல் வந்திருக்கிறது. இப்போது வரவில்லை. அவருடைய வலக்கை, சபையில் உயர்வது போலவே, பியானோவை நோக்கி உயர்ந்தது.

பெரிலின் கைகள் மடியிலிருந்து எழுந்தன. அவள் முகம் கிளெமின் பக்கம் இருந்தது. கைகள் கட்டைகளின் பக்கம் போயின.

கிளெம் எழுந்தார். துணித் தட்டி சரிந்து சுவரில் சாய்ந்தது. அந்த ஊரில் எவரும் நாடகத்தின் நடுவே அவரைக் கண்டதில்லை. இப்போது அனைவரும் கண்டனர், அடக்கத்துக்கு உடுத்த அதே கறுப்புக் கோட்டில். அவர் எவரையும் பார்க்கவில்லை. பியானோவின் மூடியைப் பிடித்து, காலையில் ஹாவர்ட் இறக்கியதைப் போலவே, ஓசையின்றி இறக்கினார். அதன்மேல் பிரதியை வைத்தார். பிரதியின்மேல் தம் கையை விரித்து வைத்தார்.

பெரிலின் விரல்கள் மூடியின் மேல் வந்து இறங்கின. அங்கேயே இருந்தன.

மேடையில் உயர்ந்திருந்த கை உயர்ந்தபடியே நின்றது. பின்பு, எங்கே போவதென்று அறியாதது போல, சிறிது சிறிதாகத் தாழ்ந்தது. ஹாவர்ட் நான்கிவல் கேள்வி கேட்டவராக, பதில் வராதவராக, எல்லார் முன்பும் நின்றார். தகரக் கூரையில் காற்று ஓடிற்று. லினெட் அவசரப்படவில்லை. நடுவரிசையைப் பார்த்தாள். பின்வரிசையைப் பார்த்தாள். கதவருகே நின்றவர்களைப் பார்த்தாள். ஒருவரையும் விடவில்லை.

பிறகு ஆணியிலிருந்து தொப்பியை எடுத்து அணிந்துகொண்டு, சரியாக மூடாத கதவைத் திறந்து வெளியேறினாள். திரை.

கைதட்டல் இல்லை. விளக்குகள் எரிந்தன. மக்கள் எழுந்து சிற்றுண்டி அறைக்குச் சென்றார்கள். அங்கே கோப்பைகளின் ஒலி மட்டும் கேட்டது. தேநீர் ஊற்றும் பெண்கள், 'சர்க்கரை?' என்பதைக்கூடக் கண்ணாலேயே கேட்டார்கள்.

கிளெம் மேசையோரம் நின்றார். லினெட் முகப்பூச்சு கலையாமல் வந்து அவர் அருகில் நின்றுகொண்டாள்.

பெரில் பாஸ்டித் தட்டைக் கொண்டுவந்தாள். பாட்டன்மார் சுரங்கத்துக்குக் கொண்டுபோன காலத்திலிருந்து வரும் வழக்கம்: இறைச்சியும் கிழங்கும் பொதிந்து சுடுமுன், உண்பவர் பெயரின் முதலெழுத்தை மாவால் திரித்து ஓரத்தில் ஒட்டிவிடுவார்கள். எழுத்தில்லாத முனையிலிருந்து கடிக்கவேண்டும். பாதியில் வைத்துவிட்டுப் போனாலும், மிஞ்சியது யாருடையதென்று தெரியும். தட்டில் லினெட்டின் எழுத்து இருந்தது. ஹாவர்டின் எழுத்து இருந்தது. கிளெமின் எழுத்து இருந்தது. அதன் பக்கத்தில் வெர்னாவின் எழுத்து இருந்தது.

"கை போயிடுச்சு," என்றாள் பெரில். "அடுப்புலேருந்து எடுத்தப்பறந்தான் பாத்தேன்."

ஹாவர்ட் வந்தார். மூப்பரின் ஒட்டுத்தாடி ஒரு பக்கம் பிரிந்து தொங்கியது. கிளெமைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். கிளெம் காத்திருந்தார், சொல் வரவில்லை, கிளெம் எடுத்துக் கொடுக்கவும் இல்லை. ஹாவர்ட் தேநீர்ப் பானையை எடுத்து ஒரு கோப்பையை நிரப்பி, கிளெமின் முன் வைத்துவிட்டு, தம் தாயார் இருந்த இடத்துக்குச் சென்றார்.

கிளெம் தம் பாஸ்டியை விட்டுவிட்டு வெர்னாவுடையதை எடுத்தார். எழுத்தில்லாத முனையிலிருந்து கடித்தார். இன்னும் சூடாக இருந்தது. அறையில் மெல்ல மெல்லப் பேச்சு தொடங்கிற்று. எவரோ மழையைப் பற்றிச் சொன்னார், எவரோ பார்லியைப் பற்றி. கிளெம் நின்றபடியே உண்டார். எழுத்திருந்த ஓரம் மட்டும் கையில் மிஞ்சியதும், அதைப் பிரதியின் மேல் வைத்து, பிரதியை அக்குளில் இடுக்காமல், இரு கைகளாலும் நேராகப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.